டிரைபாட் வைத்தும் படம் ஷேக் ஆகிறதா? நடுகல் முதல் ஒகேனக்கல் வரை, கேமரா அதிர்வைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வேடியப்பன் கோயில். கோபுரம், மண்டபம் எதுவும் இல்லை. புளியமரத்தடியில் மஞ்சள் பூசி மாலை போட்டு நிறுத்திய ஒரு நடுகல், அவ்வளவுதான். வில்லைப் பிடித்து நிற்கும் வீரன், அவன் தலைக்கு மேல் மூன்று வரி வட்டெழுத்து. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் அரைமணி நேரத்தில் மட்டும்தான் அந்த எழுத்துகள் கண்ணுக்குத் தட்டுப்படும். அந்த நேரத்துக்குக் காத்திருந்து, டிரைபாட்டில் கேமராவை மாட்டி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் வேகம் 1/8 நொடி என்று வைத்து இருபது படம் எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் அதே எழுத்து மங்கலாக இன்னொரு முறை நின்றது. ஒன்றுகூடத் தேறவில்லை.

டிரைபாட் மட்டமானது என்றார்கள். வேறு வாங்கினேன். கொஞ்சம் சரியானது, முழுதாக இல்லை. அதன் பிறகு ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து, ஒரு படம் எடுக்க என் கை எத்தனை முறை கேமராவைத் தொடுகிறது என்று எண்ணினேன். பதினொரு முறை. ஃபோகஸுக்கு, டயலுக்கு, மெனுவுக்கு, டைமருக்கு, எடுத்த படத்தைப் பார்க்க, அழிக்க என்று கை ஓயவே இல்லை. இன்று அது மூன்று முறை. டிரைபாட்டை உறுதியாக நிறுத்துவதும் கேமராவின் பட்டன்களை நம் வசதிக்கு அமைத்துக்கொள்வதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பது அன்று புரிந்தது. இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு அசைந்தால் படம் கெடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.சி. அளவுச் சென்சாரில் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) ஒரு பிக்சலின் அகலம் சுமார் 4 மைக்ரான். 200 மி.மீ. லென்ஸ் போட்டால், 10 மீட்டர் தள்ளி நிற்கும் கல்லில் அது 0.2 மி.மீ. அகலத்துக்குச் சமம். லென்ஸின் நீளம் 20 செ.மீ. என்று வையுங்கள். அதன் முன்நுனி 0.004 மி.மீ. மேலோ கீழோ போனாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லாத அசைவு இது! விரலால் ஷட்டரை அழுத்தும்போது லென்ஸ் நுனி இதைப்போலப் பல மடங்கு ஆடும். 18 மி.மீ. லென்ஸில் அதே ஆட்டம் பத்தில் ஒரு பங்காகத்தான் படத்தில் தெரியும் என்பதால், வைட் லென்ஸில் மட்டும் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் பிடிபடுவதே இல்லை.

முதல் படி: உங்கள் டிரைபாட் எத்தனை நொடி ஆடுகிறது?

எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கேமராவை டிரைபாட்டில் மாட்டி, உங்களிடம் உள்ள மிக நீளமான லென்ஸைப் போட்டு, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில்) 10 மடங்கு பெரிதாக்குங்கள். பத்தடி தள்ளிச் சுவரில் தினக்காலண்டர் தாளை ஒட்டி, அதன் சிறிய எழுத்துக்கு ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் நுனியை ஒரு விரலால் லேசாகத் தட்டிவிட்டு, திரையில் எழுத்து ஆடி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள்.

ஒரு நொடிக்குள் அடங்கினால் உங்கள் டிரைபாட் நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று நொடி ஆனால் 2 நொடி டைமர் உங்களுக்குப் போதாது. 5 அல்லது 10 நொடி டைமர் வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் ஆடினால் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கலாம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

அடுத்து, அதே காலண்டர் தாளை 1/125, 1/30, 1/8, 1/2, 4 நொடி என்று ஐந்து வேகங்களில், ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி ஒரு முறை, டைமரில் ஒரு முறை எடுங்கள். பத்துப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் கேமராவின் நோய் எந்த வேகத்தில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: தரை

நம் பக்கத்துச் செம்மண் காய்ந்திருந்தால் நல்ல தரை. உழுத காடு, நனைந்த நிலம் இரண்டும் ஏமாற்றும்: கால்கள் மெதுவாகப் புதைந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூன்று காலின் கீழும் ஒவ்வொரு தட்டைக் கல் வைத்து, கேமராவை மாட்டுவதற்கு முன்பே டிரைபாட்டின் தலையைப் பிடித்து நன்றாக அழுத்துங்கள். பாறையில் ரப்பர் பாதம், மண்ணில் கூர்முனை. கோயில் தளத்தில் கூர்முனை வேண்டவே வேண்டாம்.

வேடியப்பனாக நடுகல் வழிபாட்டில் இருக்கும் இடங்களில் முதலில் கேளுங்கள். அன்று அங்கே பூசைக்கு வந்திருந்த பாட்டி, "பூசைக்கு முன்னால எடுத்துக்க சாமி, செருப்ப அங்கயே உட்டுரு" என்றார். அதற்கு மேல் ஒரு தடையும் சொல்லவில்லை. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்லில் சாக்பீஸ் தேய்ப்பதையும் எண்ணெய் தடவுவதையும் யாரும் செய்யக்கூடாது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாலே எழுத்து எழும்பி வரும்.

கல்யாண மண்டப மேடை வேறு கதை. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்டு, அதன் மேல் கார்பெட். ஒருவர் நடந்தால் மேடை முழுக்க ஆடும், ஸ்பீக்கர் ஒலித்தால் இன்னும் மோசம். அங்கே டிரைபாட்டைக் கீழே, மண்டபத் தரையில் வையுங்கள். மேலேதான் வைத்தாக வேண்டுமென்றால் அதிர்வோடு மல்லுக்கட்டாமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி 1/125-க்கு மேல் போய்விடுங்கள்.

மூன்றாம் படி: கால், நடுத்தண்டு, தலை

டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் நுனி எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. தண்டை இரண்டு மடங்கு நீட்டினால், அதே விசைக்கு நுனி எட்டு மடங்கு வளையும். கால்களை நீட்டும்போதும் மேலே உள்ள தடித்த குழாயை முதலில் நீட்டுங்கள். அடியில் உள்ள ஒல்லிக் குழாய் கடைசி. சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால், 28 மி.மீ. குழாய் 20 மி.மீ. குழாயைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வளைவை எதிர்க்கும். புதிதாக டிரைபாட் வாங்குபவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் கிலோ கணக்கை நம்பாமல் மேல்குழாயின் விட்டத்தைக் கேளுங்கள். நடுகல் பெரும்பாலும் இடுப்புயரம்தான் இருக்கும். நானும் குனிந்தோ மண்டியிட்டோதான் எடுக்கிறேன். கால்களின் கடைசிக் குழாயை நீட்ட வேண்டிய தேவையே வருவதில்லை.

கேமராவின் அடியில் மாட்டும் பிளேட் லேசாகத் தளர்ந்திருந்தால் மற்ற எல்லாம் வீண். ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள். செங்குத்துப் படத்துக்கு பால் ஹெட்டை (பந்தின் மேல் திரும்பும் டிரைபாட் தலையை) பக்கவாட்டில் சாய்த்தால் எடை ஒரு பக்கம் தொங்கும். எல் வடிவ பிளேட் போட்டால் கேமரா எப்போதும் தலையின் நடுவிலேயே உட்காரும்.

70-300 போன்ற லென்ஸ்களில் பலவற்றுக்குத் தனி டிரைபாட் வளையம் கிடையாது, முன்பக்கம் கனத்துத் தொங்கும். அதற்கு நான் தைத்து வைத்திருப்பது ஒரு கொள்ளுப் பை. பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி, முக்கால் கிலோ கொள்ளு போட்டு, முழுக்க நிரப்பாமல் இரண்டு முனையையும் தைத்துவிட்டேன். பால் ஹெட்டுக்கு நேர் மேலே, கேமராவும் லென்ஸும் சேரும் இடத்தில் அதைப் போர்த்தினால் தட்டல் சோதனையில் என் டிரைபாட்டின் மூன்று நொடி ஒன்றரையாகக் குறைந்தது. மணிகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. கொள்ளு நம் ஊரில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முளைத்துவிடும்.

காற்று வீசும் இடத்தில் பையை நடுத்தண்டுக் கொக்கியில் தொங்கவிடச் சொல்வார்கள். சரிதான், ஆனால் பை அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே கேமராவை ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கழுத்து வாரைக் கழற்றிவிடுங்கள், அது காற்றில் பாய்மரம்போல் வேலை செய்யும். மல்லச்சந்திரம் கல்திட்டைகளுக்கு ஆடி மாதத்தில் போனவர்களுக்கு அந்தக் குன்றின் காற்று தெரியும். அங்கே நான் டிரைபாட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்குவதில்லை. காற்று வரும் திசைக்கு என் முதுகைக் கொடுத்து மறைத்து உட்கார்ந்துகொள்வேன்.

நான்காம் படி: கேமராவுக்குள்ளேயே இருக்கும் சுத்தியல்

என் நடுகல் படங்களைக் கெடுத்த முக்கியக் குற்றவாளி இதுதான். டி.எஸ்.எல்.ஆரில் ஷட்டர் திறக்கும் முன் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே பாய்ந்து மோதுகிறது. அந்த அதிர்வு ஒரு நொடிக்கும் குறைவான நேரமே இருக்கும். 1/500 நொடி படத்தில் அது தெரியாது, அந்த நேரத்துக்குள் கேமரா நகரும் தூரம் மிகக் குறைவு. 10 நொடி படத்திலும் தெரியாது, அதிர்ந்த நேரம் மொத்தத்தில் ஒரு துளி. இடையில், ஏறத்தாழ 1/60 முதல் 1/2 நொடி வரை உள்ள வேகங்களில்தான் படம் முழுக்க அதிர்வுக்குள் அகப்படுகிறது. மரத்தடி, மாலை வெயில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 என்று வைத்தால் வேகம் சரியாக அந்தக் குழிக்குள்தான் போய் விழும். நடுகல் எடுப்பவர்களின் படம் மற்றவர்களுடையதைவிட அதிகம் ஷேக் ஆவதற்கு இதுவே காரணம்.

மருந்து, கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிடுவது. கேனனில் மிர்ரர் லாக்கப்பையும் 2 நொடி டைமரையும் சேர்த்து வையுங்கள். அழுத்தியதும் கண்ணாடி தூக்கிக்கொள்ளும், இரண்டு நொடி கழித்து ஷட்டர் திறக்கும். நிக்கானின் பல மாடல்களில் எக்ஸ்போஷர் டிலே என்ற வசதி இதைத்தான் செய்கிறது. சிலவற்றில் மிர்ரர் அப் என்று தனி நிலையே டயலில் உண்டு, முதல் அழுத்தலில் கண்ணாடி, இரண்டாவதில் படம். தொடக்கநிலை மாடல்கள் சிலவற்றில் கண்ணாடியைத் தூக்கும் வசதி சென்சாரைச் சுத்தம் செய்வதற்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கும். அவர்கள் லைவ் வியூவில் எடுத்துப் பாருங்கள், ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு. சில மாடல்கள் லைவ் வியூவிலும் படம் எடுக்கும் கணத்தில் கண்ணாடியை ஒரு முறை கீழே இறக்கி மீண்டும் மேலே ஏற்றும். அந்தச் சத்தம் கேட்டால் அங்கே பலன் இல்லை. வேகத்தைக் குழிக்கு வெளியே தள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கினால் 1/8 நொடி 1/60 ஆகும், இன்னும் ஒரு படி ஏற்றினால் தப்பித்துவிடலாம்.

மிர்ரர்லெஸ் வைத்திருப்பவர்கள் கண்ணாடி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஷட்டர் திரையும் மோதும். 2013-ல் வந்த சோனி ஏ7ஆர் கேமராவில் முன்திரையை மின்னணு முறையில் திறக்கும் வசதி இல்லாததால், டெலி லென்ஸோடு அது அதிர்கிறது என்று உலகம் முழுக்கப் பேச்சானது. இன்றைய மாடல்களில் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் இருக்கிறது. டிரைபாட்டில் அதை வைத்துவிடுங்கள். முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் மோதலே கிடையாது, ஆனால் எல்.இ.டி. சீரியல் விளக்குகளின் கீழ் படத்தில் கோடு கோடாக விழும். வெயிலில் நிற்கும் கல்லுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

லென்ஸில் உள்ள ஐ.எஸ். அல்லது வி.ஆர். (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) சுவிட்சை அணைத்துவிடுங்கள். டிரைபாட்டில் இருப்பதைத் தானாக உணரும் லென்ஸ்கள் உண்டு. பழையவை உணராது, இல்லாத ஆட்டத்தைச் சரிசெய்கிறேன் என்று தாங்களே ஆட்டத்தைக் கிளப்பும்.

ஐந்தாம் படி: கையை எடுங்கள்

2 நொடி டைமர் இலவசம், ஏறத்தாழ எல்லாக் கேமராவிலும் உண்டு, பாதிப் பிரச்சினையை அதுவே தீர்க்கும். அசையாத பொருளுக்கு அதுவே போதும்.

கணம் முக்கியமான இடத்தில் கேபிள் ரிமோட் வாங்குங்கள். விலை அதிகமில்லை, உங்கள் கேமராவின் துளைக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கேபிளைத் தொங்கவிட்டால் உங்கள் கை நடுக்கம் அதன் வழியே கேமராவுக்குப் போகும். கேமராவின் பக்கம் ஒரு சாண் தளர்வாக விட்டு, வெல்க்ரோவால் டிரைபாட் காலோடு கட்டிவிடுங்கள்.

கைபேசி ஆப் மிக வசதி. ஃபோகஸ், அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், எடுத்த படம் எல்லாம் கைக்குள் வந்துவிடும். கேமராவே வைஃபை தருவதால் அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஒரு சிக்கல்: 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று கைபேசி தானே இணைப்பை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கைபேசியிலேயே படம் எடுப்பவர்கள் வயர் ஹெட்செட்டின் வால்யூம் பட்டனை ரிமோட்டாகப் பயன்படுத்தலாம்.

ஆறாம் படி: பட்டன்களை உங்களுக்காக அடுக்குங்கள்

கேமரா தயாரிப்பவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. டிரைபாட்டில் மாட்டிய பிறகு மாற்ற வேண்டியவை எப்போதும் அதே நான்கைந்துதான்: டைமர், கண்ணாடி, ஐ.எஸ்., ஃபோகஸ் முறை, ஐ.எஸ்.ஓ. இவை எல்லாம் ஒரே சுவிட்சில் மாற வேண்டும். மெனுவின் ஆழத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடித் தொடும்போது நாம் சரிசெய்து வைத்த கோணம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, வெயிலும் போய்விடுகிறது. அந்த ஒற்றைச் சுவிட்சை நாமே செய்துகொள்ளலாம்.

டயலில் சி1 அல்லது யூ1 (நம் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நிலை) இருந்தால், வீட்டில் நிதானமாக இவற்றை அமைத்து அதில் சேமியுங்கள்: மேனுவல் முறை, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 2 நொடி டைமர் (உங்கள் தட்டல் சோதனை சொன்னால் 10), கண்ணாடி முன்கூட்டியே தூக்கல் அல்லது எலக்ட்ரானிக் முன்திரை, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்). களத்தில் டயலை ஒரு சொடுக்கு திருப்பினால் எல்லாம் தயார். லென்ஸின் ஐ.எஸ். சுவிட்சை மட்டும் கையால் அணைக்க வேண்டும். சி1 இல்லாத கேமராவில் மை மெனு என்ற பக்கத்தில் இந்த வரிகளை மட்டும் அடுக்கி, மெனுவைத் திறந்ததும் அந்தப் பக்கமே வரும்படி செய்யுங்கள்.

அடுத்தது ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரிப்பது. பின்பக்கம் கட்டைவிரல் படும் பட்டனுக்கு அதை மாற்றிவிட்டால், ஒரு முறை ஃபோகஸ் செய்தபின் ரிமோட்டை அழுத்தும்போது லென்ஸ் மறுபடி தேடி அலையாது. எடுத்த படம் திரையில் தானாகவே நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள், பிளே பட்டனைத் தொடும் தேவை ஒழிந்துவிடும்.

பால் ஹெட்டில் பெரும்பாலும் மூன்று திருகுகள்: பெரியது பந்தைப் பிடிக்க, சிறியது இறுக்கத்தை அளவிட, இன்னொன்று சுற்ற. இருட்டில் சுற்றும் திருகு என்று நினைத்துப் பெரியதைத் தளர்த்தினால் லென்ஸ் தலைகுப்புற விழுந்து டிரைபாட் காலில் மோதும். சுற்றும் திருகின் மேல் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன், விரல் பட்டதும் அடையாளம் தெரிந்துவிடும். பெரிய திருகு எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும்படி தலையைத் திருப்பி மாட்டுவேன்; வலது கை கேமராவைத் தாங்க, இடது கை இறுக்கும். இந்த இரண்டு பழக்கங்களும் சேர்ந்ததில் எனக்கு மிச்சமான நேரமும் நிம்மதியும் அதிகம்.

இடத்துக்கு இடம்

ஒகேனக்கல்லில் அருவியைப் பட்டுபோல் எடுக்க அரை நொடி, ஒரு நொடி வேண்டும். பகலில் 1/60 நொடி வருகிற இடத்தில் வெளிச்சத்தை ஆறு படி (64 மடங்கு) குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டால் ஏறத்தாழ 1 நொடி கிடைக்கும். தொங்குபாலத்தில் டிரைபாட் விரிக்காதீர்கள், யார் நடந்தாலும் ஆடும். கரைப் பாறைக்கு வந்துவிடுங்கள். ஓடும் தண்ணீருக்குள் காலை நட்டால் நீரோட்டமே குழாயை விடாமல் அதிர வைக்கும். புகையும் கல் என்று கன்னடத்தில் பொருள்படும் பெயருக்கு ஏற்றபடி சாரல் வந்துகொண்டே இருக்கும், ஃபில்டரைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் கேமராவைத் தொடுகிறீர்கள் என்பதை நினைவில் வைத்து, துடைத்தபின் ஆட்டம் அடங்கும் வரை காத்திருங்கள்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பொழுது சாய்ந்தபின் 20, 30 நொடி எடுக்கும்போது கறுப்பு அட்டை ஒன்று போதும். லென்ஸைத் தொடாமல் முன்னால் அட்டையைப் பிடித்து, ஷட்டரைத் திறந்து, அதிர்வு அடங்க இரண்டு நொடி விட்டு அட்டையை விலக்குங்கள்.

தொப்பூர் கணவாயில் லாரிகளின் விளக்கொளிக் கோடுகளை எடுக்க ஆசைப்படுபவர்கள் பாலத்தின் மேலும் சாலை ஓரத்திலும் நிற்காதீர்கள். கனரக வண்டி போகும்போது பாலம் அதிர்வது ஒரு பக்கம். அந்த இறக்கத்தில் நிற்பதே உயிருக்கு ஆபத்து. சாலையை விட்டு நன்றாக விலகிய மேட்டு நிலம்தான் சரி.

களத்தில் வரிசை

முதலில் கேமரா இல்லாமல் டிரைபாட்டை நட்டு அழுத்துங்கள். கேமராவை மாட்டி, பிளேட்டை இறுக்கி, வாரைக் கழற்றி, ஐ.எஸ்.ஸை அணைத்து, டயலை சி1-க்குத் திருப்புங்கள். இதுவரை எத்தனை முறை தொட்டாலும் பரவாயில்லை. இனி எண்ணத் தொடங்குங்கள். ஒன்று: கோணம் வைத்துத் திருகை இறுக்குவது. இறுக்கிக் கையை விட்டதும் லென்ஸ் ஒரு நூல் கீழே இறங்கும். அதற்குத் தக்கபடி முன்பே கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு: லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி எழுத்தின் விளிம்பில் ஃபோகஸ். மூன்று: வெளிச்சத்துக்கேற்ற ஷட்டர் வேகம். கொள்ளுப் பையைப் போர்த்தி, ஓரடி பின்னால் வந்து, ரிமோட்டை அழுத்துங்கள். மண் தரையில் உங்கள் காலடியும் அதிரும், நடக்காமல் நில்லுங்கள்.

அதே வேடியப்பன் கோயிலுக்கு அடுத்த மாதம் இந்த வரிசையோடு போனேன். அதே மரம், அதே வெயில், அதே 1/8 நொடி. ஆறு படம் எடுத்தேன், ஆறிலும் மூன்று வரியும் ஒவ்வோர் உளிக்கோட்டோடு நின்றன. கிளம்பும் முன் டயலை சி1-லிருந்து மறக்காமல் திருப்பிவிடுங்கள், ஐ.எஸ். சுவிட்சையும் போட்டுவிடுங்கள், மறுநாள் முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரத்தில் கேமரா 2 நொடி எண்ணிக்கொண்டு நிற்கக்கூடாது.